எண்ணெய் மிதக்கிற கோழிச்சாறு

தைனான், தைவான், மார்ச் 11

அன்புள்ள அனூக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு மட்டும் கொஞ்ச நாளாக முகம் சிவந்தே கிடக்கிறது, அதற்குக் காரணம் நான்தான், பிறகு சொல்கிறேன். நீயும் கொரந்தானும் வயிற்றில் இருக்கிற சின்னதும் சௌக்கியம் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். கால் வீக்கம் வற்றியதா? ஏழாம் மாதம் பிறந்தாயிற்று, இனி அந்த மாடிப்படியில் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறாதே, மாப்பிள்ளைக்கு இரண்டு கை இருக்கிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்ததுக்குத் தாவிவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

போன மாதம் நீ சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரசவத்துக்கு நான் வந்து ஒரு மாதம் கூட இருக்கிறேன் என்றதும் நீ சிரித்தாய். "நீ வந்து என்னம்மா பண்ணப் போற? இது தைனான் இல்ல, படி இறங்குனா சாப்பாடு கிடைக்கிறதுக்கு. இங்க பிரான்ஸ்ல ஆன்ஜே மாதிரி ஊர்ல ஞாயித்துக்கிழமைன்னா ரொட்டிக் கடையக்கூட மத்தியானமே சாத்திடுவான். நீ வந்தா உனக்கும் சேத்து நான்தான் சமைக்கணும். கொரந்தானோட அம்மா பாத்துப்பாங்க, விடு" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், நீ சாதாரணமாகச் சொன்னாய், அதுதான் வலித்தது. ஐந்து நிமிஷம் கழித்து அதே போனில், "நம்ம சந்துல குழந்தை பெத்தவங்களுக்குச் செய்வாங்களே, இஞ்சி போட்டு நல்லெண்ணெயில கோழி, அந்த வாசனை ரெண்டு நாளா மூக்குலயே நிக்குதும்மா" என்று சொல்லும்போது உன் குரல் கம்மிப்போனது. கோழி வேண்டும், அம்மா வேண்டாம் என்று எனக்குக் கேட்டது. நீ அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ சொன்னது பொய்யும் இல்லையே. நம் வீட்டு அடுப்பில் நான் காப்பிக்குத் தண்ணீர் வைத்ததைத் தவிர என்ன செய்தேன்? பாத்திர அலமாரியில் மாணவர்களின் பரீட்சைத் தாள்களை அடுக்கியிருந்தேன், இழுப்பறை நிறையக் காகித உறை போட்ட, சாப்பிடுகிற குச்சிகளும் மிளகாய்ச் சாந்துப் பொட்டலங்களும்தான். காலையில் சோயாப்பாலும் முட்டை சுருட்டிய ரொட்டியும் மூலைக் கடையில், மத்தியானம் டப்பாச் சோறு, சாயங்காலம் மீன் கஞ்சியோ பன்றிக்கறிச் சோறோ எங்கே நாற்காலி காலியாக இருக்கிறதோ அங்கே. இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள், யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் உன் எட்டு வயதில் நாம் லீவுக்குப் பிரான்சுக்குப் போனபோது உன் பெரியம்மா பிள்ளைகள், உங்கம்மா எதை நல்லாப் பண்ணுவாங்க என்று கேட்டதற்கு, "எங்கம்மா நல்லா ஆர்டர் பண்ணுவாங்க" என்று சொன்னாய். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை, இப்போதுதான் படுகிறது.

சரி, நடந்ததைக் கேள். மறுநாளே நான் சந்து முனைக்குப் போனேன், அ-சுன் கடைக்கு. நீ இருந்தபோது அவள் அம்மா நடத்திய கடை, இப்போது அவள்தான் கரண்டி பிடிக்கிறாள், நாற்பத்தைந்து வயது, வாய் மட்டும் எழுபது வயதுக்காரிக்கு உண்டானது. முப்பது நாளுக்கு முப்பது பொட்டலம் உறைய வைத்துக் கொடு, பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறேன் என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "டீச்சர், கோழிய ஏரோப்ளேன்ல ஏத்த விடுவாங்களா? நாய் வந்து மோந்து பாத்துப் புடிச்சுடும், பேத்திய பாக்காம ஜெயில்லதான் உக்காந்திருப்பீங்க. சும்மா வாங்கித் தின்ன காலமெல்லாம் போதும், நீங்களே கத்துக்கிட்டுப் போங்க" என்றாள். பேத்தி என்று அவளே முடிவு செய்துவிட்டாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

அன்றே போய் ஒரு நல்ல சட்டி வாங்கினேன், கடைக்காரர் பரிசுக்கா, காகிதம் சுற்றட்டுமா என்று கேட்டார். முதல் நாள் இஞ்சியின் தோலைச் சீவிவிட்டேன், அதற்கு ஒரு திட்டு. எண்ணெயைப் புகைய விட்டேன், கசந்து போனது, அதற்கு இரண்டு திட்டு. "முப்பத்தஞ்சு வருஷமா ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தீங்க, அடுப்பச் சின்னதா வைன்னா வைக்கத் தெரியலையே" என்று கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி சொன்னாள். முற்றின இஞ்சி, தோலோடு, ஆறின எண்ணெயில் போட்டுச் சின்னத் தீயில் ஓரம் சுருளும்வரை விட வேண்டும், பிறகு கோழி, பிறகு அரிசிச் சாராயம், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, உப்பும் கிடையாது. நான்காம் நாள் எல்லாம் சரியாக வந்தது, வீடு முழுக்க வாசனை. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, உங்க வீட்டில் யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்தாள். அறுபத்து மூன்று வயதில் எனக்கு இது வேறு! உன் அப்பா உள்ளே சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். அவர்தான் தினமும் சட்டியைக் காலி செய்கிறவர், அந்தச் சிவப்பு முகம் அதனால்தான். சூப்பைக் குடித்துவிட்டு ஸ்கூட்டரைத் தொடக் கூடாது, போலீஸ்காரன் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள் என்று சாவியை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன், மனிதர் மூன்று வாரமாக நடந்தே போய் வருகிறார், தொந்தி கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

அந்த நான்காம் நாள் சட்டியைத்தான் பெருமையாக அ-சுன்னிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்தவள் முகம் மாறிவிட்டது. "எண்ணெய் எங்க டீச்சர்?" என்றாள். மேலே மிதந்தது, பொறுமையாக எடுத்து எடுத்துக் கொட்டிவிட்டேன், பார் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்றேன். அவள் போட்ட சத்தத்தில் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த தபால்காரர் எழுந்தே விட்டார். "ஐயோ, அதுதானே மருந்து! புள்ள பெத்தவளுக்கு உடம்புச் சூடு அதுலதானே இருக்கு! மிச்சம் இருக்கிறது கோழி குளிச்ச தண்ணி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சூப் என்றால் மேலே மிதக்கிற கொழுப்பை எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு யாரும் அன்று சொல்லித்தரவில்லை. கை தானாகவே போனது. வீட்டுக்கு வந்து அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன், அது யாருடைய கை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரான்சில் எங்கள் லவால் ஊர் வீட்டில் என் அம்மா காலையிலிருந்து அடுப்படியில் நின்று சூப்பின் கொழுப்பை இப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். சூப், மீன், இறைச்சி, கீரை, பாலாடைக்கட்டி, பழப் பணியாரம் என்று ஒன்று மாற்றி ஒன்று வரும், நாங்கள் மூன்று மணிநேரம் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவோம், என் அப்பா உப்பு குறைச்சல் என்பார். அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கும், அதில் அவளுடைய கைத்துண்டு மட்டும்தான் உட்கார்ந்திருக்கும். ஊரே புகழ்ந்த சமையல், ஆனால் எனக்கு அவள் முகத்தைவிட முதுகுதான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருபத்தேழு வயதில் வேலைக்கு இந்த ஊருக்கு வந்த முதல் சாயங்காலம், நடைபாதையில் மடக்கு மேஜை போட்டு ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இப்படித்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஆகவே கண்ணு, நான் உனக்குச் சமைத்துப் போடவில்லை, உண்மை. நீ சாப்பிட்ட எந்தச் சாயங்காலத்திலும் உன் எதிரே நான் உட்காராமல் இருந்ததும் இல்லை. அதைப் பெரிய சொத்து என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன். உனக்கு அதோடு ஒரு சட்டிச் சோறும் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது, கேட்கவும் இல்லை. அதற்காக என்னை மன்னித்துக்கொள். சாக்குச் சொல்வதற்காக எழுதவில்லை, உனக்கும் நாளைக்கு ஒரு பிள்ளை வரப்போகிறது, நீயும் நல்லது என்று நினைத்து எதையாவது கொடுப்பாய், அது வேறெதையோ கேட்டு நிற்கும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. போன வாரம் மருந்துக்கடைக்காரர் மருமகள் பிள்ளை பெற்று வந்திருக்கிறாள், கடைச் சாப்பாடு எதுவும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாளாம். அ-சுன் யார் செய்தது என்று சொல்லாமல் என் சட்டியைக் கொடுத்தனுப்பினாள். எனக்கு அன்று முழுக்க நெஞ்சு படபடவென்று அடித்தது, டாக்டர் பட்டத்துக்கு உட்கார்ந்தபோதுகூட இப்படி இல்லை. சாயங்காலம் சட்டி கழுவித் திரும்பி வந்தது, கூடவே ஒரு சொல்: "நாளைக்கு இஞ்சி இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போடச் சொல்லுங்க." வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி என் சமையலைச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் குறை சொல்லியிருக்கிறாள்! அப்பாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். எட்டு நாளாக அவளுக்கு நான்தான் அனுப்புகிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு இது பிடித்துவிட்டது.

உன் மாமியார் ஜோசியானுக்கும் போன வியாழன் மின்னஞ்சலில் எழுதினேன், செய்முறையை முழுசாக, எண்ணெயை எடுக்கக் கூடாது என்பதை இரண்டு தடவை அடிக்கோடு போட்டு. நல்ல மனுஷி, உடனே பதில் போட்டிருக்கிறாள். ஆசியக் கடைக்குப் போய்க் கறுப்பு எள் எண்ணெயும் சாராயமும் வாங்கி வைத்துவிட்டாளாம், முற்றின இஞ்சி என்றால் எவ்வளவு முற்றல் என்று கேட்டிருக்கிறாள், ஒரு தடவை செய்து பார்த்து அது நன்றாகவே வந்ததாம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். உன் மருத்துவச்சி சாராயம் கூடாது என்றால் தண்ணீர் ஊற்றிச் செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறேன், இது அ-சுன் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் சேயும் வயிறு நிறைந்து, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்காதே, சாப்பிட்ட கையோடு படுக்காதே. கடைசியாக ஒன்று. அங்கே நான் இல்லாவிட்டாலும் உனக்கு அந்தக் கோழி கிடைக்கும், அதற்கு வழி பண்ணிவிட்டேன். ஆகவே சாப்பாட்டுக்காக நீ என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட்டால் எனக்காகக் கூப்பிடு.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அம்மா ஓதில்