கரப்பான் ஒழிந்த சோகம்

ஏப்ரல் 9, புதன்

பகலெல்லாம் "பயப்படாதீங்க, வாயைத் திறங்க" என்று ஊருக்குத் தைரியம் சொல்கிற பல் டாக்டர் நான். இன்று ஒரு கரப்பானைப் பார்த்து நாற்காலி மேல் ஏறி நின்றேன். வயது முப்பத்தெட்டு. இந்த வெக்கையில் அதுகளுக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். ஸ்ப்ரே அடித்தாயிற்று, போரிக் பவுடர் தூவியாயிற்று. ம்ஹும். பூச்சி ஒழிக்கிற கம்பெனிக்குப் போன் போட்டேன்.

ஏப்ரல் 12, சனி

ஒரு பெண் வந்தார். நெற்றியில் டார்ச். சிங்க் அடியில் தலையை விட்டு அரை மணி நேரம் தேடினார். "ஸ்ப்ரேல கண்ணுல பட்டது மட்டும்தான் சாகும் சார். சந்துல இருக்கிற குடும்பம் அப்படியே இருக்கும். இந்த ஜெல்லைத் தின்னா கூட்டத்தோட காலி." எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார்! மூலைக்கு மூலை மிளகளவு ஜெல் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 19, சனி

ஒன்றும் குறையவில்லை. மறுபடி வந்தார்.

"நான் வெச்ச ஜெல் எங்க சார்?"

"அது... துடைச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"தினமும் சாயங்காலம் ஸ்பிரிட் போட்டு வீட்டைத் துடைப்பேன். கிளினிக் பழக்கம்."

சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்ன பல்வரிசை! (தொழில்முறையில் பார்க்கவில்லை.) "பூச்சிக்கு வெச்ச விருந்தை வீட்டுக்காரரே தூக்கிப் போட்டா எப்படி?" என்றார். மானம் போச்சு. ஆனால் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

மே 2, வெள்ளி

அன்று அவர் மறுபடி வைத்த ஜெல்லை நான் துடைக்கவே இல்லை. இப்போது ஒரு கரப்பான்கூட இல்லை. இனி எதைச் சொல்லி அவரைக் கூப்பிடுவது? அக்காவிடம் போனில் புலம்பினேன்.

"கல்யாணம் ஆனவளாடா?"

"இல்லக்கா. அம்மாகூட இருக்காங்களாம்."

"அப்ப ஒண்ணு பார்த்தேன்னு சொல்லேன், மண்டு!"

"பொய் சொல்லவா?"

"பின்ன, நிஜக் கரப்பானைப் பிடிச்சிட்டு வந்து விடப்போறியா?"

மே 3, சனி

சொன்னேன். வந்தார். பூச்சி விழ வைத்திருந்த ஒட்டு அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் காலி.

"எங்க பார்த்தீங்க?"

"ஃபிரிட்ஜ் மேல."

"பெருசா, சின்னதா?"

"நடுத்தரம்."

"எந்தப் பக்கம் ஓடுச்சு?"

வாய் குழறி, சொல்லித் தொலைத்தேன் — "கரப்பான் இல்லீங்க. உங்களைப் பார்க்கணும்னு இருந்துச்சு."

அவர் டார்ச்சை அணைத்தார். சாமானை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். போச்சு. எல்லாம் போச்சு. ஏன்டா உளறினே?

மே 5, திங்கள்

இன்று சரியான பல்லைத்தான் பிடுங்கினேன் என்று நம்புகிறேன்.

மே 8, வியாழன்

மெசேஜ்! "ஞாயிறு எனக்கு லீவு. வரலாமா? அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

மே 11, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தவர் சாயங்காலம் ஐந்துக்குத்தான் கிளம்பினார். என்ன பேசினோம்? எல்லாம்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "அடுத்த வாரம் எங்க வீட்டுக்கு வாங்க. அம்மா உங்களைப் பார்க்கணுமாம். ஆனா ஒண்ணு, சிரிக்கக் கூடாது. எங்க சமையலறை பூரா எறும்பு."

எறும்பு என்றால் எனக்கு உயிர் என்று சொல்லிவிட்டேன்.