ஏழுமலையின் பாடு நாள்

தை 5, திங்கள்

வாடைக் காற்று. படகில் அடிபட்ட கால் மறுபடியும் குடைச்சல்.

காலையில் முன்னறைக் கம்ப்யூட்டரில் பாடு பட்டியல், ஊருக்கு நான்தான் போடுவது. இந்தச் சுற்றில் யார் எந்த நாள் ஏரியில் வலை வைப்பது, நாற்பது பெயர். முடித்ததும் ஃபைலை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

மாலை ஏழுமலை வந்தான்.

"வியாழக்கிழமை என் பாடுண்ணா. அன்னிக்குத்தான் வூட்ல அவளுக்கு ஆஸ்பத்திரில தேதி குட்துகீறாங்க. தேசப்பனுக்குச் சனிதான? மாத்திப் போட்ரியா?"

"அவன் இன்னா சொல்றான்?"

"எந்த நாளுன்னாலும் சரின்றான். லிஸ்ட்ல பாத்துக்கிறானாம்."

எழுந்திருக்கச் சோம்பல். மகள் சுமதியின் லேப்டாப்பை மடியில் வைத்து, வைஃபை வழியாக அதே ஃபைலைத் திறந்து மாற்றினேன். சேவ் செய்யும்போது ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. எது கேட்டாலும் ஓகே கொடுப்பது என் வழக்கம்.

தை 6, செவ்வாய்

பழவேற்காட்டில் வாங்கியவை: பேப்பர், பசை, காலுக்குத் தைலம். முன்னறையில் பிரிண்ட் எடுத்து ஏலக்கூடச் சுவரில் ஒட்டியாயிற்று. படித்துப் பார்க்கவில்லை. நேற்றுத்தானே மாற்றினேன்.

தை 8, வியாழன்

ஏழுமலைக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். லட்டு வந்தது, இரண்டு தின்றேன்.

இன்று வலை வைக்கும் இடம் காலியாகவே கிடந்ததாம், மச்சான் சொன்னான். இந்தத் தேசப்பனுக்கு என்ன கேடு?

தை 10, சனி

ஏழுமலை, தேசப்பன் இரண்டு பேர் படகும் ஒரே இடத்துக்குப் போயிருக்கின்றன. கரையில் கைகலப்பு. சுவர்த் தாளில் சனி, தேசப்பன் என்றே இருக்கிறது.

"உன் நாளு தாண்டிப் போச்சு. அட்த்த சுத்து வரிக்கும் கம்முனு இரு" என்று தேசப்பன் கத்தியிருக்கிறான்.

எல்லோரும் என் முன்னறைக்கு வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரைத் திறந்தேன். மாற்றமே இல்லை.

"உங்கைல சொன்னேன்ல அண்ணா?" என்றான் ஏழுமலை.

"பார்க்கணும்" என்றேன்.

"பொய் சொல்லி இன்னொருத்தன் பாட்டத் துன்னப் பாக்கறான்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். ஏழுமலை செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்று நாள் குழந்தைக்குத் தகப்பன். சீ, நான் ஒரு மனுஷனா?

பிறகு லேப்டாப்பில் பார்த்தால் சனி, ஏழுமலை! பேய் பிடித்த மாதிரி இருந்தது. சுமதிதான் கண்டுபிடித்தாள்.

"முன் ரூம்ல ஃபைலத் தொறந்தே வெச்சிட்டு வந்துகீற. அதான் இங்க படிக்க மட்டும் வுட்ருக்குது. நீ ஓகே குட்த்ததும் இதுக்குள்ளயே வேற காப்பி போட்டுக்கிச்சு. பேரப் பாரு, காப்பின்னு கீது."

தை 11, ஞாயிறு

ஊர்க்கூட்டம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். தப்பு என்னுடையது என்றேன். புதன்கிழமை என் பாடு, என் பெயரில் மச்சான் வலை வைக்கும் நாள். அதை ஏழுமலைக்குக் கொடுப்பதாகச் சொன்னேன். மச்சான் முகம் சுண்டிப் போயிற்று.

ஏழுமலை எழுந்தான். "பாடு கெடக்கட்டும்ணா. நான் உங்கைல சொன்னேன்னு மொதல்ல அந்தச் சொவுத்துல எழுதி ஒட்டு."

பிரிண்டரை நம்பவில்லை. கையாலேயே எழுதினேன். 'ஏழுமலை திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். தவறு என்னுடையது.' கீழே கையெழுத்து. பட்டியலுக்கு மேலே ஒட்டினேன்.

விரல் வைத்து இரண்டு தடவை படித்தான். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"புதன்கிழமை எத்தினி மணிக்கு எறங்கலாம்ணா?"