இரண்டு விரல் சாய்வு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், வீட்டுக்குத்தான் சளி பிடித்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு எப்போதும் அதே நினைப்பு. போன மாதம் போனில், அப்பா கட்டிலில் காலை இடித்துக்கொண்டார், வெறும் சுளுக்கு என்று சொன்னேன் அல்லவா, அது பொய். பக்கத்திலேயே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார், நான் வேறென்ன சொல்ல. இதையும் ஒட்டுவதற்கு முன் படிப்பார். படிக்கட்டும், காகிதத்தில் குறுக்கே பேச முடியாதே.

சுவர் ஊறிப் போகிறது, கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் வாய்க்கால் மாட்டுங்கள் என்று நீதானே ஓயாமல் சொன்னாய். கடைக்காரர் பாவம், தகரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் வெயிலில் வெடிக்கும், அலுமினியம் நெடுநாள் உழைக்கும் என்று தொண்டை வறள விளக்கினார். அப்பா அதில் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதன் விளிம்பு நேராக இருக்கிறது என்று பார்த்து அலுமினியத்தை எடுத்தார். நாற்பது வருஷம் படங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டிய கண் ஆயிற்றே. குழாய்க்காரர் வந்து, தண்ணீர் குழாயில் இறங்கும் மூலையைப் பார்த்து இரண்டு விரல் சாய்வு வைத்து ஒழுங்காக மாட்டிவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பக்கூட இல்லை, கோணலா மாட்டிட்டுப் போறான் பாரு, வீட்டு முகமே கோணிப் போச்சு என்று அப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ரசமட்டம் வைத்து, முழு வாய்க்காலையும் ஒரு நூல்கூடப் பிசகாமல் நேராக்கினார். ஒரு வாரம் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

தண்ணீருக்கு அந்த அழகெல்லாம் தெரியவில்லை. எந்தப் பக்கம் போவது என்று புரியாமல் அங்கேயே நின்றது. பக்கத்து வீட்டு மரத்து இலை அதில் விழுந்து அழுகியது, கொசு குடும்பம் நடத்தியது. பெரிய மழை வந்த அன்று மொத்தமும் விளிம்பு தாண்டிப் படுக்கையறைச் சுவரில் இறங்கி, அவர் கையாலே சட்டம் போட்ட உன் கல்யாணப் படம் ஊறிப்போயிற்று. ஆனால் துளிகூடச் சாயவில்லை, அதைச் சொல்ல வேண்டும். படம் ஊறியதைப் பார்த்ததும் அப்பா அந்த மழையிலேயே ஏணியில் ஏறினார். எழுபத்திரண்டு வயது, ஈரப் படி. வழுக்கியது. கைக்கு அகப்பட்ட, குழாய்ப் பக்கத்து வாய்க்கால் முனையைப் பிடித்துத் தொங்கினார், நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் பாரத்தில் அந்த முனை சரியாக இரண்டு விரல் தாழ்ந்து, நின்ற தண்ணீர் எல்லாம் மடமடவென்று குழாயில் இறங்கி ஓடியது. வழுக்கியதில் கணுக்கால் பிசகி வீங்கி நாற்காலியில் கிடந்த மனிதர் குழாய்க்காரரை வரவழைத்து, இப்ப இருக்கிற மாதிரியே இறுக்கிடுப்பா, நானே அளந்துதான் இறக்கினேன் என்று சொன்னார் பார். நான் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்.

இப்போது தண்ணீர் ஒழுங்காகப் போகிறது. காலையில் வாசலில் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு பார்க்கிறார், அப்போதுதான் வாய்க்கால் நேராகத் தெரியுமாம். ஆனால் மழைக்காலத்துக்கு முன் இலை அள்ள வேண்டும், மழை விட்ட பின் ஒரு தடவை பார்க்க வேண்டும், அதற்கு ஏணியைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறார். குழாய்க்காரர் வருஷத்துக்கு இரண்டு தடவை நானே வர்றேம்மா என்கிறார். என் பேச்சு இவருக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. உனக்குக் கொடுத்த வாக்கை மட்டும் இதுவரை மீறியதில்லை. அதனால் போன் செய்யும்போது, நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிக்காதே, இனி ஏறமாட்டேன் என்று ஒரு வாக்கு மட்டும் வாங்கிக்கொடு. உங்கள் வீட்டிலும் மாப்பிள்ளையை ஏற விடாதே. கல்யாணப் படத்துக்கு இன்னொரு பிரதி மறக்காமல் அனுப்பு.

மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருங்கள்.

என்றும் உன் நினைவில்,
அம்மா

மகளுக்கு: அம்மா எழுதியது எல்லாம் உண்மை. கோடு போடாத தாள், வரிகள் வலது பக்கம் இரண்டு விரல் இறங்கியிருக்கின்றன. இருக்கட்டும். ஏணியைக் குழாய்க்காரரிடம் கொடுத்துவிட்டேன்.
அப்பா