பஸ் ஸ்டாப் மேடத்தின் கணக்கு

மார்ச் 3
ஏறி இறங்கும் பங்கை எப்போது விற்பது? இன்றைய வகுப்பு அதுதான். நாளைய விலை யாருக்கும் தெரியாது. இதுவரை வந்ததை வைத்தே முடிவெடுக்க வேண்டும். தொடர்ந்தால் கிடைக்கக்கூடியது கையில் இருப்பதைவிடக் குறைவா? நிறுத்திவிடு. எத்தனை சுலபம்! எப்போது நிறுத்துவது என்றே பாடம் நடத்துவதால் கல்லூரிப் பிள்ளைகள் எனக்கு ‘பஸ் ஸ்டாப் மேடம்’ என்று பெயர் வைத்திருப்பது தெரியும்.
மாலையில் பஸ் ஸ்டாப் மேடம் ஆஸ்பத்திரிக்குப் போய், கருத்தரிப்புச் சிகிச்சைக்கு நான்காவது தடவையாகக் கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 14
ஊரார் வாயிலெல்லாம் ஊசி போடுகிற பல் டாக்டர் என் வீட்டுக்காரர். என் வயிற்றில் போடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்.
“நீங்களும் மூடிக்கிட்டா யாருங்க பாக்கறது?”

ஏப்ரல் 6
இல்லை.

ஏப்ரல் 7
நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. “இன்னொரு தடவை பாக்கலாமே” என்றார் டாக்டரம்மா. வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். அந்த எண்ணோடு ஒரு மாணவன் வந்திருந்தால், “இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?” என்று விரட்டியிருப்பேன். “யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 12
உட்கார்ந்து கணக்கே போட்டுவிட்டேன். குழந்தையின் மதிப்பு? எல்லையில்லாதது என்று வைத்தேன். அப்படி வைத்தால் வாய்ப்பு எவ்வளவு சிறுத்தாலும் ‘தொடர்’ என்றுதான் விடை வரும். சாகும்வரை தொடர்! முனைவர் பட்டம் வாங்கிய மூளை.
வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இதுல நீ எங்க இருக்கே?”
“நானா?”
“ஊசியெல்லாம் யாருக்குப் போட்டது? அழுததெல்லாம் யாரு?”
என்னைச் சேர்க்கவே மறந்திருந்தேன்.
“நீ இருந்தா போதும்னு சொன்னா சினிமா வசனம் மாதிரி இருக்கும்” என்றார். என் பேனாவை வாங்கி மூடிவிட்டு, “ஆனா போதும்.”

ஏப்ரல் 15
“போதும் டாக்டர்.” குரல் நடுங்கவில்லை. போனை வைத்தபிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சரியாத்தான் செஞ்சேனா? அடுத்த தடவை கிடைச்சிருந்தா? நிறுத்தியவருக்கு நிறுத்தாத பாதை காட்டப்படாது — இதை வருஷா வருஷம் வகுப்பில் ரயில் அறிவிப்பு மாதிரி சொல்லியிருக்கிறேனே, பாவி!

ஜூன் 22
நீச்சல் வகுப்பு. என் வயதில் பாதி இருக்கிற பயிற்சியாளர், “மேடம், கம்பிய விடுங்க, ஒண்ணும் ஆகாது” என்று கத்திக்கொண்டே இருந்தாள். விட்டேன். மூக்கு நிறையத் தண்ணீர். இவர் கரையில் நின்று சிரித்தார்.
பிறகு எதிர் ஓட்டலுக்குப் போனோம். பக்கத்து மேஜைக் குழந்தை எட்டி என் ஈரச் சடையைப் பிடித்து இழுத்தது. அதன் அம்மா பதறிப்போய், “ஐயோ, சாரிக்கா” என்றாள்.
“பரவாயில்லம்மா, பசிக்குது போல” என்றேன்.
எனக்கும் நல்ல பசி.