அப்பா கட்டும் தாரா பாத்திரம்

பாரிஸ், 14.8.2003

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம். கத்திரி வெயிலில் அப்பாவுக்கு வந்த தலைசுற்றல் தேவலையா?

இங்கும் அதே வெயில். இப்படி அடித்ததே இல்லையாம். எங்கள் முதியோர் இல்லத்தில் மின்விசிறிகூடக் கிடையாது. இந்த ஊரில் வயதானவர்கள் நிறையப் பேர் இறந்துபோய்விட்டார்கள். நான் ஜன்னல்தோறும் துணி கட்டி, அடியில் துளையிட்ட டப்பாவில் தண்ணீர் நிரப்பி மேலே தொங்கவிட்டேன். துணி காயவே இல்லை. என் பொறுப்பிலிருந்த பதினோரு பேரும் நன்றாக இருக்கிறார்கள்!

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"அக்னி நட்சத்திரத்துல எங்கப்பா அண்ணாமலையாருக்குக் கட்டற தாரா பாத்திரம்தான்" என்றேன். கபாலி குருக்கள் என்று உங்கள் பெயரை எழுதிக்கொண்டார்.

நானும் ஒருநாள் மயங்கினேன், இப்போது ஒன்றுமில்லை. கொஞ்சம் வெட்டிவேர் அனுப்புங்கள், வாசனைக்குத்தான். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

அப்பா, அடுத்த கத்திரியில் சாமிக்குக் கட்டிவிட்டு வந்து, உங்கள் ஜன்னலுக்கும் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

சைலஜா