வெந்நீரில் போடாத பூட்ஸ்

அக்டோபர் 5, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து தூறல். குகையில் இறங்கும் கயிறுகளை மாடியில் காயப்போட முடியவில்லை, ஹாலில் குறுக்கே கட்டிவிட்டேன். வீட்டுக்காரர் குனிந்து குனிந்து சமையலறைக்குப் போகிறார். "இது வீடா, இல்ல சர்க்கஸ் கூடாரமா?" கயிற்றுப் பையில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வாங்க வேண்டியவை: டார்ச் பேட்டரி, ரவை, அம்மாவுக்கு முழங்கால் தைலம். ஆழக் கிணற்றுக்கு நீளக் கயிறு (ரியாஸ் விசாரிக்கிறான்).

ஆழக் கிணறு என்பது கிணறு இல்லை. போன கோடையில் ஜவ்வாது மலையில் நாங்கள் மூன்று பேரும் கண்டுபிடித்த குகை. நேராகக் கீழே இறங்குகிறது, அடியை இன்னும் பார்க்கவில்லை. சாயங்காலம் வௌவால்கள் வெளியே வர ஆரம்பித்தால் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும், அவை வந்துகொண்டே இருக்கும். தீபாவளி கழித்து அடிவரை இறங்குவதாகத் திட்டம். மூன்று பேர் என்றால் நான், தோல் தொழிற்சாலையில் கெமிக்கல் பிரிவில் இருக்கும் ரியாஸ், கணியம்பாடி முருகவேல் அண்ணன். அண்ணனுக்கு நிலக்கடலை, நெல். கிணற்றில் மோட்டார் இறக்கி இறக்கிக் கயிறு பழகியவர்.

மதியம் நித்யாவிடமிருந்து ஒரு படம். நித்யா வௌவால்களை ஆராய்ச்சி செய்கிற பெண், மாதம் ஒருமுறை இந்தப் பக்கம் வருவாள். படம் மூக்குப் பாறைக் குகையில் எடுத்தது. வௌவாலின் மூக்கைச் சுற்றி வெள்ளை. இறக்கைத் தோலிலும் மாவு தூவியது போல. கீழே: "அக்கா, நீங்க இங்க கடைசியா வந்தது எப்போ? அதுக்கப்புறம் எந்தெந்தக் குகைக்குப் போனீங்க?"

போனவை: தொட்டில், மாட்டுக் கொட்டகை. (எல்லாம் நாங்கள் வைத்த பெயர்கள்.)

ஆனால் ஒவ்வொரு தடவையும் பூட்ஸைக் கழுவித்தான் போனோம். பதிலில் அதை அழுத்தி எழுதினேன். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

புழுக்கம். ஷூ கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், நாள் முழுக்க விளக்கடியில் நின்றபடி. ஒரு பெட்டியைத் திறந்தால் ஷூவின் குதிகால் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "மழை வந்தாலே இந்தப் பேஜார்தான். தொடைச்சு பேக் பண்ணும்மா." துணியால் துடைத்தால் போய்விடும். பெட்டிக்குள் போய் மறுபடி பூக்கும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் நித்யா போன். ரியாஸையும் லைனில் சேர்த்தேன்.

"எதுல கழுவினீங்க?"

"ஃபங்கிசைட் மேடம்," ரியாஸ் குரலில் பெருமை. "எங்க தோலுக்குப் போடறது. பூஞ்சை கிட்டயே வராது."

"வெந்நீர்ல போட்டு ஊற வைக்கலையா? நான் அனுப்பின தாள்ல அதைத்தானே முதல்ல போட்டிருந்தேன்."

"தோல் பூட்ஸ் மேடம். வெந்நீர்ல போட்டா சுருண்டுடும்."

அவள் மெதுவாகச் சொன்னாள். அந்த மருந்து தோல்மேல் பூஞ்சை வளராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தையலுக்குள்ளும் அடியில் ஒட்டிய மண்ணிலும் இருக்கிற வித்து சாகாது. தூங்கும். அடுத்த குகையின் ஈரத்தில் முழித்துக்கொள்ளும். வெளிநாட்டுக் குகைகளில் வௌவால்களை அழித்த பூஞ்சை குளிரில் வளர்வது, இது நம்ம ஊர்ச் சூட்டையும் தாங்குகிற வேறொன்று போலிருக்கிறது, பெயர்கூட இன்னும் வைக்கவில்லையாம். மனிதருக்கு வராது. "நீங்கதான் கொண்டுபோனீங்கன்னு சொல்ல மாட்டேன்க்கா. வௌவாலே வௌவாலுக்குக் கொடுக்கும். ஆனா இல்லன்னும் சொல்ல முடியாது."

ஆம்பூரில் பிறந்த யாரும் தோலை வெந்நீரில் போட மாட்டார்கள். அந்தத் தாளை முதலில் படித்தவள் நான். வெந்நீர் என்ற வரியைப் பார்த்துச் சிரித்தேன். இவர்களுக்குத் தோலைப் பற்றி என்ன தெரியும் என்று. பூஞ்சை விஷயத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்ற திமிர். ரியாஸ் மருந்து யோசனை சொன்னதும் கைதட்டியவளும் நான்தான்.

மதியம் சாப்பிடவில்லை. டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தொட்டில் குகை. மேகமூட்டம், மழை இல்லை. வழியில் ஆற்காட்டுக்காரர் ஒருவர் பஸ்ஸில் மக்கன் பேடா இனிப்பு நீட்டினார், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், யாரும் தொடவில்லை.

நித்யா மட்டும் உள்ளே போனாள். தலை முதல் கால் வரை, ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற வெள்ளை உடுப்பு, ரப்பர் பூட்ஸ். நாங்கள் வெளியே. குகை வாசலில் செருப்போடு உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். கம்பெனியில் நாள் முழுக்க விளக்கைப் பார்த்த கண்ணுக்கு அந்த இருட்டுதான் ஓய்வு. வேறெங்கும் எனக்கு அது கிடைத்ததில்லை.

வாசலை ஒட்டிய பள்ளத்தில் செத்த வௌவால்கள் கிடந்தன. முருகவேல் அண்ணன்தான் முதலில் பார்த்தார். ஒரு குச்சியால்கூடத் தொடவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்திவிட்டார்.

நித்யா வெளியே வந்து முகமூடியைக் கழற்றினாள். தலையை ஆட்டினாள். அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அந்த மருந்து பேச்சை எவன்டா எடுத்தான்?" அண்ணன் ரியாஸைப் பார்த்துக் கத்தினார்.

"நான்தான்ணா. நல்லதுன்னுதான் சொன்னேன்."

"நான்தான் தாளைப் படிச்சேன்," என்றேன். "என்னைத் திட்டுங்க."

அவர் யாரையும் திட்டவில்லை. எழுந்து ரோட்டுப் பக்கம் போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் நான் சொன்னேன், ஆழக் கிணற்றுக்கு மழை ஆரம்பித்ததிலிருந்து யாரும் போகவில்லை, அது ஒன்றாவது இருக்கிறதே என்று. ரியாஸ் "ஆமாக்கா, அது போதும்" என்றான். அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தார்.

அக்டோபர் 16, வியாழன்

மழை. பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறதாம், எல்லோரும் பாலத்தில் நின்று செல்ஃபி.

தொட்டிலில் பார்த்ததைவிட மோசம் ஒன்று இருக்கிறது. வேறு மாவட்டங்களில் குகைக்குப் போகிறவர்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு. போன வருடம் அதில் நான் பெரிதாக எழுதிப் போட்டேன்: தோல் பூட்ஸை எப்படிச் சுத்தம் செய்வது, எங்கள் ஊர் முறை. மருந்தின் அளவு, எவ்வளவு நேரம், நிழலில் காயவைப்பது எல்லாம். பாராட்டு குவிந்தது. எத்தனை பேர் அப்படியே செய்தார்களோ.

இன்று மறுபடி எழுதினேன். நான் சொன்னது தப்பு. அப்படிக் கழுவியிருந்தால் அந்தப் பூட்ஸோடு எந்தக் குகைக்கும் போகாதீர்கள். வெந்நீர் தாங்காத பொருளை உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஒரு குகைக்குப் போன கயிறு இன்னொரு குகைக்கு வேண்டாம். கொஞ்ச காலம் எங்கேயும் போகாமலே இருங்கள்.

பதில்: கட்டைவிரல் ஒன்று. "குட் மார்னிங்" ரோஜாப்பூ ஒன்று. பிறகு ஒருவர், "அப்ப மேடம், ஞாயித்துக்கிழமை டூர் கேன்சலா?"

ஆழக் கிணற்றுப் பாதையில் போர்டு வைக்கலாம் என்று ரியாஸ். என்ன எழுதுவது?
– உள்ளே போகாதீர்கள். (உடனே போவார்கள்.)
– வௌவால்களுக்கு நோய். (நெருப்பு வைப்பார்கள்.)
– பாறை சரியும் அபாயம். (பொய். ஆனால் வேலை செய்யும்.)
மூன்றாவதே முடிவு. பொய் சொல்லித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, சரி, சொல்லுவோம். அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவெல்லாம் நமுத்துப்போன வெடி, மழையில் புஸ் புஸ் என்று. ஒவ்வொரு வருடமும் இந்தச் சத்தத்துக்குப் பயந்து நாங்கள் மூவரும் ஏதாவது குகைக்குள் போய் உட்கார்ந்திருப்போம். இந்த வருடம் காதில் பஞ்சு.

மாட்டுக் கொட்டகையிலும் அதே வெள்ளை என்று காலையில் நித்யா எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டு அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்தேன்.

ரியாஸ் வந்தான். வேலையில் மனம் ஒட்டவில்லையாம், மருந்துப் பீப்பாய் பக்கமே போவதில்லையாம். "ஒரு ஊரையே காலி பண்ணிட்டு வந்த மாதிரி இருக்குதுக்கா." அப்படிச் சொல்லாதே என்றேன். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு பேரும் முடிவு செய்தோம். ஆழக் கிணற்றில் இனி இறங்குவதில்லை. அடியைப் பார்க்காமலே செத்துப்போகலாம், பரவாயில்லை.  அண்ணனுக்குப் போனில் சொன்னேன். "சரி" என்றார். "நல்லது" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

கணியம்பாடி. அண்ணன் நிலத்தில், நெல் அவிக்கிற அண்டாவில் வெந்நீர். பூட்ஸை எரித்துவிடலாம் என்றேன், ரியாஸ் தடுத்தான், குரோம் போட்டுப் பதனிட்ட தோலை எரித்தால் புகை உடம்புக்கு ஆகாது. கொதிக்க வைத்துக் குப்பையில் போடுவோம் என்று முடிவு. கயிறுகளையும்.

என் பூட்ஸ் முதலில். நானே தேர்ந்தெடுத்த தோல், நானே கம்பெனியில் தைக்கச் சொல்லி வாங்கியது. உள்ளே போட்டதும் பூட்ஸின் நாக்கு மேலே சுருண்டது. பிறகு முன்பக்கம் மடங்கி, விரல்களை இறுக்கிக்கொண்ட பாதம் போல ஆயிற்று. ரியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அண்ணன் தன் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"போடுங்கண்ணா."

"ஸ்டெல்லா, விஜயதசமி அன்னிக்கு நான் ஆழக் கிணத்துக்குப் போய்ட்டு வந்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் அண்டாவையே பார்த்துப் பேசினார்.

"நல்ல நாளு. அன்னிக்குத் தொடங்கினா வேலை தடங்கல் இல்லாம முடியும்னு கயிறு கட்டுற முதல் போல்ட்டைப் பாறையில அடிச்சிட்டு வந்தேன். தீபாவளி கழிச்சு நீங்க ரெண்டு பேரும் வர்றப்ப காட்டலாம்னு இருந்தேன்."

"இந்த பூட்ஸோடவா?" ரியாஸ்.

"இதோடதான். முதல் நாள் பூசையில பொட்டு வெச்சதாச்சே."

"உள்ள எவ்ளோ தூரம்ணா?"

"முதல் திட்டு வரைக்கும். தலைக்கு மேலயே தொங்கிக்கினு இருந்துச்சுங்க. ஒண்ணைக்கூட எழுப்பல, அவ்ளோ பதவிசா அடிச்சேன்."

"ஏன்ணா சொல்லல?" ரியாஸின் குரல் உடைந்துவிட்டது.

"எப்படிடா சொல்றது? அது ஒண்ணாவது இருக்குதுன்னு ஸ்டெல்லா சொல்லிக்கினே இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு இருந்ததே அது ஒண்ணுதான்."

நான் அவரைத் திட்டவில்லை. கையிலிருந்து பூட்ஸை வாங்கி அண்டாவில் போட்டேன். நித்யாவின் செய்தி வருவதற்கு முன்பே போய் வந்திருக்கிறார், அவர் மேல் தப்பு இல்லை. பூசைக்கு முன்னால் அந்தப் பூட்ஸைக் கழுவிக் கொடுத்தது நான். எங்கள் ஊர் முறையில், பார்த்துப் பார்த்து, நிழலில் காயவைத்து.

வீட்டுக்கு வந்து குளித்தேன். வெந்நீர் போட்டுவைத்திருந்தார் வீட்டுக்காரர். பச்சைத் தண்ணீரிலேயே குளித்தேன்.

அக்டோபர் 29, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கம்பெனியில் நல்ல ஷூவை எல்லாம் ரிஜெக்ட் செய்கிறேன் என்று சூப்பர்வைசர் புகார். "கண்ணு டெஸ்ட் பண்ணும்மா." எங்கு பார்த்தாலும் வெள்ளையாகத் தெரிகிறது.

உள்ளே போய்ப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். நித்யாகூட வேண்டாம் என்கிறாள். இன்னும் வராமல் இருந்தால், பார்க்கப் போகிற நாமே கொண்டுபோனவர்கள் ஆவோம். தெரிந்துகொள்ளவும் வழியில்லை, தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. ஜெபம் செய்ய உட்கார்ந்தால் வௌவால்களுக்காக என்ன கேட்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையில் அப்பாவுக்கு மெழுகுவத்தி, சாமந்தி. காற்றில் இரண்டு தடவை அணைந்தது. அம்மா மூன்றாம் தடவை ஏற்றிவிட்டு, "போதும், அவர் பார்த்திருப்பார்" என்றாள்.

மதியம் நால்வரும் ஜவ்வாது மலை. மழை விட்டு நல்ல வெயில். ஆழக் கிணற்றின் வாய்க்குப் போகவில்லை, எதிர்ச் சரிவில் பாறை மேல் உட்கார்ந்தோம். வெறும் பார்வை மட்டும், அதற்குத்தான் நித்யா ஒத்துக்கொண்டாள். சாயங்காலம் அவை கூட்டமாக வெளியே வந்தால் நம்பிக்கை வைக்கலாம் என்றாள். பகலிலேயே வந்தால் வைக்கக் கூடாது. நோய் கண்டது தூங்காது, பசி தாங்காமல் வெயிலிலேயே இரை தேட வந்துவிடும்.

அண்ணன் வேர்க்கடலை வேகவைத்துக் கொண்டுவந்திருந்தார். உரித்து உரித்து எல்லோர் கையிலும் வைத்தார். ரியாஸ் போர்டை மரத்தில் கட்டிவிட்டு வந்தான். எழுத்துப்பிழை இருக்கிறது, பரவாயில்லை. நிழல்கூட இன்னும் சாயவில்லை, இருட்ட நிறைய நேரம் இருக்கிறது என்று நித்யா பையைத் தலைக்கு வைத்துப் படுக்கப் போனாள்.

அப்போது ஒன்று வெளியே வந்தது. குகை வாயைச் சுற்றியது. வெயில் அதன் இறக்கைத் தோலுக்குள் புகுந்து எலும்பெல்லாம் தெரிந்தது.

நித்யா எழுந்து உட்கார்ந்தாள். பைனாகுலரை எடுக்கவில்லை.

"நல்லாத்தானே பறக்குது," என்றார் அண்ணன். "இல்ல ஸ்டெல்லா? நல்லாத்தானே பறக்குது?"

ஆமாண்ணா என்றேன். அதற்குள் இன்னொன்று வந்தது.