சிங்கப்பூரிலிருந்து நாலு மணி நேரம்

வியாசர்பாடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் வல்லரசுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை மாத்திரை தவறாமல் போடுகிறேன். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கேட்டால் நீ ஏதாவது சொல்லுவாய், நானும் நம்பிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ராயபுரத்து ஜெரி துக்கம் விசாரிக்க வந்தான். உன்னோடு பந்து ஆடியவன், இப்போது சிங்கப்பூரில் கப்பல் ரிப்பேர் வேலை, லீவில் வந்திருக்கிறான். உன் நைனா படத்தைப் பார்த்து அழுதவன், "அண்ணன் அங்க ஆபீஸ் வேலயா வந்திருந்தாரு, ஒண்ணா பிரியாணி துன்னோம், நைனா பூட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லலியேம்மா" என்று போனில் போட்டோவைக் காட்டினான். தேதியைப் பார்த்தேன். நைனாவை மூலக்கொத்தளம் சுடுகாட்டில் எரித்த அதே புதன்கிழமை சாயங்காலம். போட்டோவில் நீ சிரிக்கவில்லை, அதையும் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "நாலு மணி நேரந்தாம்மா, காலைல டிபன் துன்னுட்டு ஏறுனா மத்தியானம் சோத்துக்கு இங்க இருக்கலாம்" என்றான்.

நீ என்னிடம் என்ன சொன்னாய்? "இங்க பனி கொட்டிகினு கீதும்மா, டொராண்டோவுலேருந்து பதிமூவாயிரம் கிலோமீட்டரு, பிளைட்லயே ஒரு நாள் பூடும், நைனாவ போட்டு வெச்சிகினு இருக்காதீங்க" என்றாய். அந்தப் பதிமூவாயிரத்தை நான் வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னேன். உன் பெரியப்பா சுப்பராயன் ஐஸ் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, "பெத்தவனுக்கு வராதவன் இன்னா புள்ள" என்று கேட்டதற்கு, என் பிள்ளையைப் பேச நீ யார் என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அன்றைக்குப் போனவர் பிறகு வீட்டுப் படி ஏறவில்லை. நேற்று நானே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காரணம் மட்டும் சொல்லவில்லை.

வேலை போய்விடும் என்று பயந்தாயா, நைனா முகத்தைப் பார்க்கத்தான் பயந்தாயா, எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரில்தான் இருக்கிறேன், வர முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், திட்டியிருப்பேன், பிறகு விட்டிருப்பேன். கண் மூடுவதற்கு முந்தின நாள்கூட உன் நைனா மாடியிலிருந்து விமானம் போவதைக் காட்டி, இது எந்த ஊர் வண்டி என்று என்னைக் கேட்டார். கனடாவுக்குப் போவதாக இருக்கும் என்று சொன்னேன்.

உன் தங்கச்சி செங்கொடிதான் கொள்ளி வைத்தாள். பொம்பளை வைக்கலாமா என்று முணுமுணுத்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுததும் உனக்காகத்தான், "அண்ணன் அங்க தனியா எப்டி துடிச்சிகினு கீதோ" என்று. அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை, ஜெரியிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். நீ வந்து, அவளை எதிரில் உட்கார வைத்து, உன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேத்தி மட்டும் வரட்டும், நீ வராதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வயிற்றைக் காயப்போடாதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளை உன்னிடம் உண்மை பேச வேண்டும்.

உன் அம்மா,
லோ. பூவம்மா